பனிமீன்களை எண்ணியவள்

பனிமய மாதாவுக்குக் கோயில் கட்டி, கொடியேற்றி, வருஷா வருஷம் பதினொரு நாள் திருவிழா கொண்டாடி, பிள்ளைகளுக்குப் பனிமயம் என்றும் பனியடிமை என்றும் பெயர் வைத்து, இப்படியே பத்துப் பன்னிரண்டு தலைமுறை கழிந்த பிறகும், பனி என்றால் மார்கழி விடியலில் ஓலையில் சொட்டும் ஈரம்தான் என்று நம்பிக்கொண்டிருந்த ஊர் சிப்பித்துறை. அந்த ஊரின் கடலுக்கு ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை குளிர் வந்தது. வடக்கே உப்பளத்து வாய்க்காலுக்கும் தெற்கே கலங்கரை விளக்கத்துக்கும் நடுவில், கரையில் ஆரம்பித்து வள்ளம் அரை மணி நேரம் ஓடுகிற தூரம் வரைக்கும், பெரிய வட்டமாகக் கடல் குளிர்ந்து கிடந்தது. வட்டத்துக்கு வெளியே தண்ணீர் எப்போதும்போல் வெதுவெதுவென்று இருக்க, உள்ளே கையை விட்டவனுக்கு எலும்பு கூசியது. அந்தக் குளிருக்குள் மீன் இருந்தது. தவிட்டு நிறம், உடம்பெல்லாம் புள்ளி, முதுகில் மூன்று துடுப்பு, விலாவில் ஒரு வெள்ளைக் கோடு, தாடைக்குக் கீழே ஒற்றை மீசை.

"மாதா அனுப்பிருக்கா," என்றார் ஏலம் கூறுகிற கஸ்பார். ஊர்க்கமிட்டித் தலைவரும் அவர்தான். அத்துடன் ஊர் சமாதானமாகிவிட்டது. இத்தனை காலம் பனி மாதாவைக் கும்பிட்டோம், இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று சனங்கள் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

கித்தேரி மட்டும் தன் படிவத்தைப் புரட்டினாள். கரையில் இறங்குகிற மீன்களை இனம் இனமாக எண்ணி எழுதி மாதாமாதம் மீன் ஆபீசுக்கு அனுப்புவது அவள் வேலை. கடலுக்குப் போன புருஷன் ஒரு கச்சான் காற்றில் திரும்பாமல் போன வருஷம் கிடைத்த வேலை அது. பத்தொன்பது வருஷமாக அவள் எண்ணிய எண்ணிக்கையில் ஒரு மீன் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஒருமுறை அவள் கூடப்பிறந்த அண்ணனே, தான் பிடித்த சிங்கிறாலில் இருபது கூட்டி எழுதச் சொல்லி, அவள் மறுத்ததால் இரண்டு வருஷம் பேசாமல் இருந்தான். "எழுத்தக்கா கைக்குப் பொய் வராது" என்பது ஊரில் சத்தியம் செய்கிற அளவுக்குப் பழகிப்போன வார்த்தை. அப்படிப்பட்டவளின் படிவத்தில் அறுபத்து மூன்று மீன்களின் பெயர் இருந்தது, இந்த மீனின் பெயர் இல்லை. ஆபீசுக்குப் போன் போட்டாள்.

"அது நம்ம கடல்ல கிடையாதும்மா," என்றார் ஆபீசர். "வடக்க பனிக்கடல்ல இருக்குற சாதி. அங்கயே அத்துப்போற நிலைமைன்னு கேள்வி."

"சார், நம்ம கடல்லதான் கெடக்கு. என் கால்மாட்டுல கெடக்கு."

"கெடந்தா, கடைசி வரியில 'இதர'ன்னு இருக்கு பாருங்க, அதுல போடுங்க."

அவள் அப்படியே போட்டாள். ஊர் அதற்குப் பனிமீன் என்று பெயர் வைத்தது, அரசாங்கம் இதர என்று வைத்தது, அதன் சொந்தப் பெயர் என்ன என்று யாரும் அதனிடம் கேட்கவில்லை.

மனிதன் எதற்கும் பழகுவான் என்பார்கள், சிப்பித்துறைக்காரன் அதற்கு ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. வளைகுடாவிலிருந்து கொண்டுவந்து பெட்டியில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்த ஸ்வெட்டர்கள் வெளியே வந்தன. கரையோரத்து வீடுகளில் பால் உறையவில்லை, இட்லி மாவு பொங்கவில்லை, அதனால் பெண்கள் மாவுச்சட்டியைத் தூக்கிக்கொண்டு மேலத்தெருச் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய்ப் புளிக்க வைத்தார்கள். ஐஸ் கம்பெனியை இழுத்துப் பூட்டினார்கள், ஏனென்றால் பிடித்த மீனைக் கூடையோடு கடலில் முக்கி வைத்தால் மூன்று நாள் கெடவில்லை. கலர் சோடாவை வலைப்பையில் போட்டுக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, வெளியூர்க்காரர்களுக்கு விற்றான் ஒருவன். கோயிலில் மாதாவின் சுரூபத்துக்கு ஒரு கம்பளி போர்த்தினார்கள், பிறகு அவள் பனிக்காரிதானே என்று எடுத்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம், ஆண்கள் ஊர் திரும்பினார்கள். பத்து வருஷமாக உள்ளூர்க் கடலில் மீன் கொஞ்சம் கொஞ்சமாக அற்றுப்போய், வாலிபர்களெல்லாம் பஹ்ரைனுக்கும் மற்ற அரபு நாடுகளுக்கும் அடுத்தவன் படகில் வலை இழுக்கப் போயிருந்தார்கள். கித்தேரியின் ஒரே மகன் பியோவும் நான்கு வருஷமாக அங்கேதான். தினமும் போன் பண்ணுவான். சாப்பிட்டியா, உடம்புக்கு எப்படி என்பதெல்லாம் அப்புறம், முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனைம்மா?" என்பதுதான். ஐந்து வயதில் மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கூடை கூடையாக எண்ணிக்கொண்டிருந்தபோது தொடங்கிய கேள்வி அது, கடல் தாண்டிப் போயும் விடவில்லை. அவளும் உள்ளதைச் சொல்வாள். இருபது என்றால் இருபது, ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று சொல்கிற ஒவ்வொரு நாளும் அவன் ஊர் திரும்புகிற நாள் தள்ளிப் போகிறது என்று தெரிந்தும் அவளால் கூட்டிச் சொல்ல முடிந்ததில்லை.

குளிர் வந்த வாரம் அவள் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டவன், கிறிஸ்துமஸுக்கு வந்து நின்றான். வந்தவன் திரும்பிப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. கணவாயைத் துண்டு போட்டு ஆழத்தில் தூண்டில் இறக்குவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் கால் கழுவுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கித்தேரிக்கு நெஞ்சு நிறைந்துவிடும், நிறைந்த அடுத்த நொடியே பயம் வந்துவிடும். மீன் இருக்கிறவரைக்கும்தான் மகன் இருப்பான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவள் எண்ணியது மீனை அல்ல.

தை மாதம் ஆள் ஆளுக்கு வலை போட ஆரம்பித்தார்கள். சாண் அளவுக் குஞ்சுகள் குவியல் குவியலாகக் கரையேறின, தின்ன ஆளில்லாமல் மணலில் காய்ந்து, கோழித்தீவனத்துக்கு லாரியில் போயின. கித்தேரி எண்ணிப் பார்த்தாள். இப்படியே போனால் ஆடிக்குள் தீர்ந்துவிடும். அவளிடம் ஆபீசிலிருந்து எப்போதோ வந்த ஒரு சுவரொட்டி இருந்தது. ஒரு குட்டி மீன், அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி, கீழே 'குஞ்சு மீன்களைப் பிடிக்காதீர்' என்ற வாசகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு கோயில் முற்றத்துக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கைப் பிடித்தாள்.

"சின்னத விட்டுருங்க, பெருச மட்டும் பிடிங்க. முழங்கை நீளம் இல்லன்னா திருப்பிக் கடல்ல போட்ருங்க. வலை வேண்டாம், தூண்டில் போதும். அப்படிச் செஞ்சா இந்த மீனு நம்ம பேரப்பிள்ளையள் காலத்துக்கும் கெடக்கும். நான் எழுதுறவ சொல்லுதேன்."

எழுத்தக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கஸ்பார் மாதாவின் முன்னால் எல்லோரையும் சத்தியம் செய்யச் சொன்னார், செய்தார்கள். வேறு ஊராக இருந்தால் சத்தியம் பண்ணியவன் வீடு போய்ச் சேர்வதற்குள் மறந்திருப்பான். சிப்பித்துறைக்காரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன், அதுதான் வினையாகப் போனது. தூண்டிலில் குஞ்சு மாட்டினால் வாய் கிழியாமல் கொக்கியைக் கழற்றி, தலையைத் தடவி, "போய் வளந்துட்டு வாலே" என்று சொல்லிக் கடலில் விட்டார்கள். பெரிய மீன்களை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறு பிள்ளை நீளம், சிலது ஆள் நீளம். எல்லாவற்றின் வயிற்றிலும் சினை இருந்தது. சினையைப் பொரித்துத் தின்பது ஊருக்குப் பெரிய இஷ்டம். ஆனால் இந்தச் சினை எண்ணெயில் போட்டால் எண்ணெயே அடங்கிப் போனது, அரை மணி நேரம் அடுப்பெரித்தால்தான் நிறம் மாறியது. தின்றவர்களுக்கு வயிற்றுக்குள் ஒரு குளுமை இறங்கி, ஒன்றிரண்டு நாள் நின்றது. அதுவும் ருசியாகத்தான் இருந்தது என்றார்கள்.

பங்குனியில் கித்தேரி கவனித்தாள். குளிரின் விளிம்பு கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் ஓடிய வள்ளம் இப்போது கால் மணி நேரத்திலேயே வெதுவெதுப்பைத் தொட்டது. அவள் தன் பழைய படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு, நாளையும் மீனையும் விளிம்பையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். கரையேறிய ஒவ்வொரு பெரிய மீனுக்கும் மறுநாள் காலையில் குளிர் ஒரு வள்ளத்து நீளம் சுருங்கியிருந்தது. கடல் பொங்கி யாரும் போகாத நாட்களில் சுருங்கவில்லை. குஞ்சுகளைப் பிடித்துக் குவித்த தை மாதத்தில்கூடச் சுருங்கவில்லை. அவள் ஒரு குஞ்சின் வயிற்றில் விரலை வைத்துப் பார்த்தாள், சாதாரண மீன். ஒரு பெரிய மீனின் வயிற்றில் வைத்துப் பார்த்தாள், விரல் மரத்துப் போனது. குளிர் கடலில் இல்லை, தாய்களின் வயிற்றில் இருந்தது. வெந்துகொண்டிருந்த தங்கள் கடலை விட்டு, குளிரை வயிற்றில் சுமந்துகொண்டு, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்தவை அவை. அவற்றைத்தான் அவள் மைக்கைப் பிடித்துப் பிடிக்கச் சொன்னாள்.

கஸ்பாரிடம் ஓடினாள். "மாமா, தப்பாச் சொல்லிட்டேன். பெரியதைத்தான் விடணும்."

கஸ்பார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "எம்மா, தைமாசம் குஞ்ச விடுங்கன்ன. விட்டோம். இப்ப பெருசயும் விடுங்கன்னு சொல்லுத. அப்ப நாங்க கடலுக்குப் போயி, மீனைக் கும்பிட்டுட்டுத் திரும்பணுமா? மாதாவுக்கு முன்னால செஞ்ச சத்தியத்த வாரத்துக்கு ஒருக்கா மாத்த முடியுமா?"

"குளிரு சுருங்குது மாமா. நீங்களே பாருங்க."

"கோடை வருது, சுருங்கத்தான் செய்யும்."

அவர் பொல்லாதவர் இல்லை. நல்ல காலம் முடியப் போகிறது என்பதை யார்தான் முதல் தடவை சொன்னதும் நம்புவார்கள்? கித்தேரி பெண்களிடம் சொன்னாள், தலையாட்டினார்கள். ஆபீசுக்கு எழுதினாள், பதில் இல்லை. சித்திரை போய், வைகாசி போய், ஆனி போனது. ஆடியில் கொடியேற்றியபோது குளிர் ஒரு கோயில் முற்றத்து அளவுக்கு வந்திருந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன, நடுவில் ஒரே ஒரு பெரியது. வள்ளத்தின் பாதி நீளம், வெளுத்துப்போன மீசை. ஊரே அதைப் பார்த்திருந்தது. ஆத்தா என்று பெயரும் வைத்திருந்தது.

சிப்பித்துறையில் ஒரு வழக்கம் உண்டு. மாதா திருவிழாவின் கடைசி நாள் அசனத்தில் ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். அந்தச் சோற்றுக்கான குழம்பில் அந்த வருஷத்துக் கடலின் ஆகப் பெரிய மீன் விழ வேண்டும். சிறியதை மாதாவுக்குக் கொடுப்பது குறை. அந்த மீனைக் கொண்டுவருகிறவனின் வேண்டுதல் பலிக்கும்.

பத்தாம் நாள் காலையில் பியோ தூண்டில் கயிற்றுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான். கித்தேரி அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"பியோ, அத விட்டுருலே."

"எத?"

"ஆத்தாவ."

அவன் சிரித்தான். "நீ சொன்ன அளவுதானம்மா. முழங்கைக்கு மேலதான் இருக்கு."

"வெளையாடாத. அது போச்சுன்னா எல்லாம் போச்சு."

"எல்லாரும் போறாவ. நான் போவலன்னா வேற எவனாவது பிடிப்பான்." சிரிப்பை விட்டுவிட்டு அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். "நான் நேந்துருக்கேம்மா. இனிமே எங்கயும் போவக் கூடாது, நம்ம ஊர்லயே நிக்கணும்னு. பஹ்ரைன்ல ஒரு நாளு படகு தட்டுல படுத்துக்கிட்டு நேந்தது. ஊர்க்கடல்ல பிடிச்ச பெரிய மீன மாதாவுக்குத் தாரேன்னு."

கித்தேரிக்குச் சொல்ல வார்த்தை இருந்தது. தூண்டிலைப் பிடுங்கிப் போட்டிருக்கலாம், கோயில் மணியை அடித்து ஊரைக் கூட்டியிருக்கலாம், வள்ளத்துக்குக் குறுக்கே படுத்துக் கிடந்து மறித்திருக்கலாம். மகன் ஊரில் நிற்க வேண்டும் என்று மகனே நேர்ந்திருக்கிறான், அதை எந்தத் தாய் முறிப்பாள்? எழுந்து போய் அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். இதற்குப் பிறகு வாழ்ந்த நாளெல்லாம் அவள் தன்னை மன்னிக்காமல் போனது தப்பாகச் சொன்னதற்காக அல்ல, இந்தச் சோற்றுக்காக.

ஆத்தாவைக் கரைக்கு இழுக்க ஒன்பது பேர் தேவைப்பட்டார்கள். அது பெரிதாகத் துள்ளவில்லை. மேளம் அடித்தார்கள், வெடி போட்டார்கள். மறுநாள் ஊரில் ஆள் ஒருவருக்கு ஒரு கரண்டிக் குழம்பும் ஒரு விள்ளல் சினையும் கிடைத்தது. முந்தி தின்ற சினையெல்லாம் விளையாட்டு. இதைத் தின்ற எல்லோருக்கும் அடிவயிற்றில் ஒரு கல் உட்கார்ந்ததுபோல் குளிர் உட்கார்ந்தது, அது போகவில்லை. கித்தேரியும் தின்றாள். மகன் கொண்டுவந்தது அல்லவா.

அடுத்த நாள் விடிந்தபோது கடல் வெதுவெதுவென்று இருந்தது.

குஞ்சுகள் எங்கே போகும்? வழி தெரிந்தவர்களை ஊர் தின்றிருந்தது. அவை குளிரைத் தேடின. கடல் சூடானதும் மறுபடி திறந்த ஐஸ் கம்பெனியின் சாக்கடை கடலில் விழுகிற இடத்தில் போய் மொய்த்தன. படகில் ஐஸ்பெட்டியைத் திறந்தால் தாமாகவே துள்ளி உள்ளே விழுந்து, ஐஸின்மேல் வரிசையாகப் படுத்து, கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்து, செத்தன. பிடிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள் பெட்டியைச் சாத்திக்கொண்டு தலையைக் குனிந்து திரும்பினார்கள்.

மூன்றாம் நாள் கித்தேரி கால் நனைக்கத் தண்ணீரில் இறங்கினாள். ஐந்து நிமிஷத்தில் அவள் கெண்டைக்காலைச் சுற்றிக் குஞ்சுகள் வந்து அடைந்தன. அவள் வயிற்றுக் குளிர் கால் வழியாகத் தண்ணீரில் கசிந்துகொண்டிருந்தது. நகர்ந்தாள், கூடவே நகர்ந்தன. அவள் நகர்வதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். உச்சி வெயில் வந்ததும் அடுத்த வீட்டு மிக்கேலம்மாள் தேடிக்கொண்டு வந்தாள்.

"மைனி, என்ன இப்படி நிக்கிய?"

"நீயும் எறங்கிப் பாரு."

மிக்கேலம்மாள் இறங்கினாள். அவள் காலிலும் வந்து அடைந்தன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கரையைப் பார்த்துப் பெண்களைக் கூப்பிட்டாள். அன்றிலிருந்து சிப்பித்துறைக்காரர்கள் முறை வைத்துக் கடலில் நின்றார்கள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றபடியே கீரை ஆய்ந்தார்கள், செபமாலை சொன்னார்கள், மருமகளைக் குறை சொன்னார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஆண்களும் வந்து நின்றார்கள். கஸ்பார் வேட்டியை மடித்துக் கட்டி, ஓரமாக நின்றார். ஏலம் போட்டுப் பழகிய குரல் அதன்பின் அவரிடம் திரும்பவே இல்லை.

கடலில் நிற்கத் தொடங்கிய பதினோராம் நாள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கித்தேரி தண்ணீரில் நின்றே பிரித்தாள். அந்த மீனுக்கு ஒரு பெயர் கண்டுபிடித்திருந்தார்கள். அது அற்றுப்போகும் நிலையில் உள்ள இனம் என்றும், வயது முதிர்ந்த பெரிய தாய்மீன்களே அதிகம் முட்டையிட்டு வம்சத்தைக் காப்பவை என்பதால் அவற்றை எக்காரணம் கொண்டும் பிடிக்கக் கூடாது என்றும், தற்போதைய எண்ணிக்கையை உடனே தெரிவிக்கவும் என்றும் எழுதியிருந்தது. அவள் குனிந்து எண்ணிப் பார்த்தாள். இருநூற்றுப் பதினாறு.

ஒரு ஊர் முழுக்கச் சேர்ந்தாலும் ஒரு ஆத்தா ஆக முடியவில்லை. தின்ற குளிர் ஒவ்வொருவரிடமிருந்தாகத் தீர்ந்தது. மிக்கேலம்மாளுக்குத்தான் முதலில். "மைனி, எனக்கு வேர்க்குது," என்றாள், ஏதோ நோய் வந்துவிட்டதைப்போல. அவள் காலை விட்டு மீன்கள் விலகி அடுத்தவள் காலுக்குப் போயின. அவள் அழுதுகொண்டே கரையேறினாள். பிறகு தினம் நான்கு பேர், ஐந்து பேர். மீன்களும் குறைந்தன.

ஆவணியில் பியோ பெட்டி கட்டினான். நேர்ந்தது பலிக்கவில்லை என்று அவன் மாதாவைக் கோபிக்கவில்லை. "என் கையாலதானம்மா பிடிச்சேன்," என்று மட்டும் சொன்னான். "நான்தானலே சொன்னேன்," என்றாள் அவள். அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை, அவள் அவனைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பஸ் ஏறும்போது அவன் அவள் கையைப் பிடித்தான். அவனுடைய கை சூடாக இருந்தது, அவளுடையது இன்னும் குளிர்ந்து கிடந்தது.

போனவன் தினமும் போன் பண்ணினான். அவள் போனைப் பாலித்தீன் பையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றாள். "இன்னைக்கு எத்தனைம்மா?" என்பான். நாற்பத்தொன்று என்றாள். பத்தொன்பது என்றாள். ஏழு. ஐப்பசி பிறந்தபோது கடலில் அவள் ஒருத்திதான் நின்றாள், அவள் காலடியில் இரண்டு. பிறகு ஒன்று. அந்த ஒன்று ஒன்பது நாள் இருந்தது. அவள் நின்றபடியே சாப்பிட்டாள், கரையில் பாய் போட்டுத் தண்ணீருக்குள் காலை நீட்டிக்கொண்டு தூங்கினாள். அது அவள் இடது கணுக்காலைச் சுற்றிச் சுற்றி வந்தது, களைத்தால் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவளுக்கு நெற்றியில் வேர்த்தது. மூன்று மாதத்தில் முதல் வேர்வை. கீழே குனிந்து பார்த்தாள், தண்ணீர் தெளிவாக இருந்தது, மணல் தெரிந்தது, அவளுடைய பத்து விரல்களும் தெரிந்தன. நெடுநேரம் பார்த்தாள். கரையிலிருந்து மிக்கேலம்மாள், "மைனி, ஏறி வாங்க, போதும்," என்று கூப்பிட்டாள். அப்போதுதான் கழுத்தில் போன் அடித்தது.

"இன்னைக்கு எத்தனைம்மா?"

கித்தேரி இன்னொரு முறை காலடியைப் பார்த்தாள். மறுமுனையில் படகு மோட்டாரின் இரைச்சலும் தெரியாத பாஷையில் யாரோ அதட்டுகிற சத்தமும் கேட்டன.

"எம்மா?"

"கெடக்குலே," என்றாள். "நெறையக் கெடக்கு. எண்ணி முடியல."

அவள் எண்ணிச் சொல்கிற குரலை அவன் ஐந்து வயதிலிருந்து கேட்கிறவன்.

"தண்ணி குளிருதாம்மா?"

வடித்த கஞ்சிபோல வெதுவெதுவென்று கடல் அவள் காலைச் சுற்றிக் கிடந்தது.

"குளிருதுலே," என்றாள் கித்தேரி. "நிக்க முடியல, அப்படிக் குளிருது. நீ வா."